எட்டு மடங்கு இருக்கும்போது நான்கு மடங்கு எதற்கு? துப்பாக்கிக் கண்ணாடியின் கதை



இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

என் பழைய மாணவர் ஒருவரின் மகன் மத்தியப் படையொன்றில் சேர்ந்து பயிற்சியில் இருக்கிறான். அவன் கையில் கொடுத்திருக்கும் ரைஃபிளின் மேல் சின்னதாக ஒரு ஸ்கோப். அது நான்கு மடங்குதான் பெரிதாக்கிக் காட்டுமாம். "கடையில் விற்கிற பைனாகுலரே பத்து மடங்கு காட்டுகிறது சார். பையன் உயிரைப் பணயம் வைக்கிற இடத்தில் வெறும் நான்கு மடங்கா?" என்று அப்பாக்காரர் கேட்டார்.

நியாயமான கேள்வி. பெற்ற வயிறு அப்படித்தான் கேட்கும். ஆனால் இதற்கான பதிலில் கொஞ்சம் இயற்பியலும் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலான சரித்திரமும் கலந்திருக்கின்றன. நான் முப்பது வருடம் ஒளியியல் நடத்தியவன், பள்ளி என்.சி.சி.யையும் பார்த்துக்கொண்டவன். அதனால் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் கண்ணின் கஷ்டம்

என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ ரைஃபிள் சுட்டவர்களுக்கு நினைவிருக்கும். பின்னால் பேக்சைட், குழலின் நுனியில் ஃபோர்சைட், அதற்கப்பால் இலக்கு. மூன்றும் மூன்று தூரத்தில். நம் கண் லென்ஸோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்துக்குத்தான் குவியும். ஃபோர்சைட்டைத் தெளிவாகப் பார்த்தால் இலக்கு மங்கும், இலக்கைப் பார்த்தால் ஃபோர்சைட் மங்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

தொலைநோக்கி இந்தச் சிக்கலை ஒரே அடியில் தீர்க்கிறது. இலக்கின் பிம்பமும் குறிக்கோடும் ஒரே தளத்தில் விழுகின்றன. இரண்டும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும். ஆக, பெரிதாக்கிக் காட்டுவது ஸ்கோப்பின் இரண்டாவது வேலைதான். மூன்று பார்வையை ஒரு பார்வையாக்குவதே முதல் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கண்ணாடி துப்பாக்கிக்கு ஏறிய காலம்

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தொலைநோக்கி பொருத்திய ரைஃபிள்கள் களத்துக்கு வந்துவிட்டன. வடக்கத்தியர் பயன்படுத்தியவை துப்பாக்கிக் குழல் அளவுக்கே நீண்ட பித்தளை, இரும்புக் குழாய்கள். தெற்கத்தியர் இங்கிலாந்திலிருந்து தருவித்த விட்வொர்த் ரைஃபிள்கள் சிலவற்றில் டேவிட்சன் என்பவர் வடிவமைத்த சிறிய தொலைநோக்கி பக்கவாட்டில் இருந்தது. இந்த டேவிட்சன் பம்பாய்ப் படையில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர். நம் நாட்டு வெயிலில் வேலை பார்த்த மனிதரின் கண்ணாடி அமெரிக்கப் போரில் பயன்பட்டிருக்கிறது!

அந்தக் காலக் கண்ணாடிகளின் பெரிய குறை வெளிச்சம். ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும், ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதம் எதிரொளித்துப் போய்விடும். ஸ்கோப்புக்குள் பத்துப் பரப்புகள் இருந்தால் 0.96-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள். 100 பங்கு வெளிச்சத்தில் சுமார் 66 பங்குதான் கண்ணுக்கு வந்து சேரும். விடியலிலும் அந்தியிலும் இது பெரிய நஷ்டம். 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் இருந்த அலெக்சாண்டர் ஸ்மகுலா, லென்ஸின் மேல் மெல்லிய படலம் பூசி இந்த எதிரொளிப்பைக் குறைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் "கோட்டிங் போடட்டுமா?" என்று கேட்கிறாரே, அதன் மூலம் இதுதான்.

உலகப் போர் நடத்திய மூன்று பாடங்கள்

இரண்டாம் உலகப் போரில் மூன்று நாடுகள் குறைந்த மடங்கு ஸ்கோப்பைப் பயன்படுத்திப் பார்த்தன. மூன்றும் மூன்று விதமான சிக்கலில் மாட்டின.

ஜெர்மனி 1941-இல் ஸெட்.எஃப்.41 என்ற ஸ்கோப்பைக் கொண்டுவந்தது. 1.5 மடங்குதான். ஸ்னைப்பருக்கு இல்லாமல், நன்றாகச் சுடத் தெரிந்த சாதாரண சிப்பாய்க்கு என்று செய்தது. யோசனை நல்லது. ஆனால் அதைக் கண்ணிலிருந்து வெகுதூரம் தள்ளி, பேக்சைட் இருக்கும் இடத்தில் பொருத்தினார்கள். நீண்ட நடையின் கடைசியில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், சிப்பாய்கள் விரும்பவில்லை.

அமெரிக்காவின் எம்1 காரண்ட் அரைத் தானியங்கி ரைஃபிள். அதாவது விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு குண்டு போகும், அடுத்த தோட்டா தானாக வந்து உட்காரும். எட்டுத் தோட்டாக் கொத்தை மேலிருந்து உள்ளே தள்ள வேண்டும். மேலே ஸ்கோப் வைத்தால் தோட்டா போட வழியில்லை. எனவே சுமார் 2.2 மடங்கு ஸ்கோப்பை இடதுபக்கம் தள்ளிப் பொருத்தி, கன்னம் வைக்கும் இடத்தில் தோல் மெத்தை கட்டினார்கள். கண்ணாடி சரி, வைக்க இடமில்லை.

சோவியத் நாடு எஸ்.வி.டி.-40 என்ற அரைத் தானியங்கி ரைஃபிளுக்காக பி.யூ. என்ற 3.5 மடங்கு ஸ்கோப்பைச் செய்தது. ஸ்கோப் எளிமையானது, உறுதியானது. ஆனால் அந்த ரைஃபிளின் குண்டுகள் ஸ்னைப்பருக்கு வேண்டிய அளவுக்கு ஒரே இடத்தில் விழவில்லை. 1942-இல் அந்த ஸ்கோப்பைக் கழற்றி, பழைய மோசின் நாகான் ரைஃபிளில் ஏற்றினார்கள். கண்ணாடி சரி, துப்பாக்கி சரியில்லை.

கண்ணுக்கு ஏற்ற இடம், துப்பாக்கிக்கு ஏற்ற பொருத்தம், குண்டுக்கு ஏற்ற கண்ணாடி: இந்த மூன்றும் சேர்ந்து அமைய இன்னும் இருபது வருடம் ஆயிற்று.

1963: ஒரு சின்ன பல்பு

யெவ்கெனி டிராகுனோவ் வடிவமைத்த எஸ்.வி.டி. ரைஃபிளை சோவியத் ராணுவம் 1963-இல் ஏற்றுக்கொண்டது. முந்தைய ரைஃபிளின் பெயரும் தமிழில் எஸ்.வி.டி. என்றே வருவதால் குழம்ப வேண்டாம். இதை டிராகுனோவ் என்றே சொல்கிறேன். பத்துத் தோட்டா, அரைத் தானியங்கி. நம் இந்திய ராணுவத்திலும் பல வருடம் இருந்தது.

அதன் மேல் உட்கார்ந்த பி.எஸ்.ஓ.-1 என்ற ஸ்கோப்தான் இந்தப் பதிவின் கதாநாயகன். நான்கு மடங்கு, பொருளருகு லென்ஸின் விட்டம் 24 மில்லிமீட்டர். குறிக்கோட்டுக்கு வெளிச்சம் தர ஒரு குட்டி பல்பு, ஒரு பேட்டரி.

ஏன் நான்கு? கரும்பலகைக்கு வாருங்கள். பொருளருகு லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், ஸ்கோப்பிலிருந்து வெளியே வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 24-ஐ 4-ஆல் வகுத்தால் 6 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞனின் கண் பாவை விரியும் அளவும் ஏறக்குறைய அதுதான். அந்தி வேளையில் கண் எவ்வளவு ஒளியை வாங்க முடியுமோ, ஏறக்குறைய அவ்வளவையும் இந்த ஸ்கோப் தந்துவிடும். இதே லென்ஸில் எட்டு மடங்கு வைத்தால் கற்றை 3 மில்லிமீட்டராகச் சுருங்கும். உருவம் பெரிதாகும், ஆனால் மங்கும். தலை கொஞ்சம் நகர்ந்தாலும் பிம்பம் கறுத்துவிடும். ஓடி வந்து மூச்சிரைக்க விழுந்து படுக்கிறவன் கண்ணை மில்லிமீட்டர் கணக்கில் வைக்க முடியுமா?

இன்னொன்று பார்வைப் புலம். பி.எஸ்.ஓ.-1-இல் அது 6 டிகிரி. 100 மீட்டர் தூரத்தில் சுமார் 10 மீட்டர் அகலம் தெரியும். மடங்கைக் கூட்டினால் இந்த அகலம் குறையும். மனிதனைப் பெரிதாகப் பார்க்கப்போய், அவன் பக்கத்தில் நிற்பவனைத் தவற விடுவோம்.

கை நடுக்கத்தையும் மறக்கக் கூடாது. உருவம் எட்டு மடங்கானால் நடுக்கமும் எட்டு மடங்காகத்தான் தெரியும்.

அடுத்து அந்த பல்பு. அந்தியில் கறுப்பு மரத்தின் பின்னணியில் கறுப்புக் குறிக்கோடு கண்ணுக்குத் தெரியாது. பல்பைப் போட்டால் கோடு மட்டும் மெல்ல ஒளிரும். ரஷ்யக் குளிரில் பேட்டரி செத்துவிடும் என்பதால் அதற்கும் வழி செய்தார்கள். பேட்டரியை வெளியே எடுத்து, வயர் மூலம் இணைத்து, சிப்பாயின் உடுப்புக்குள் உடல் சூட்டில் வைத்துக்கொள்ளும் குளிர்காலச் சாதனம் கூடவே வந்தது. பேட்டரி முழுதாகத் தீர்ந்தாலும் நஷ்டமில்லை. கோடு கண்ணாடியில் பொறிக்கப்பட்டது. விளக்கு அணைந்தாலும் கோடு இருக்கும்.

ட்ரிட்டியம்: பேட்டரி இல்லாத விளக்கு

பிரிட்டன் வேறு வழியில் போனது. அவர்களுடைய எஸ்.எல்.ஆர். ரைஃபிளும் அரைத் தானியங்கிதான். பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். ரைஃபிளின் வாரிசு. நம் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த எஸ்.எல்.ஆர். அதன் உறவுக்காரன். நம் ஊர்க் காவல் நிலையங்களில் பார்த்திருப்பீர்கள். பிரிட்டிஷார் 1970-களில் தங்கள் எஸ்.எல்.ஆர். மேல் 'சூட்' என்ற நான்கு மடங்கு ஸ்கோப்பை வைத்தார்கள். இது கோட்டுப் போடுகிற சூட் இல்லை, நீளமான ஆங்கிலப் பெயரின் சுருக்கம்! குறி ஊசி கீழிருந்து எழாமல் மேலிருந்து தலைகீழாகத் தொங்கும். அதனால் இலக்கின் கீழ்ப்பாதி மறையாது. அந்த ஊசிக்கு வெளிச்சம் தந்தது ட்ரிட்டியம்.

பத்தாம் வகுப்பில் படித்தோமே, ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பு. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 12.3 ஆண்டுகள். சிறு கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்து உள்ளே ஒளிரும் பொருளைப் பூசினால், சுவிட்சும் பேட்டரியும் இல்லாமல் இரவு பகலாக மின்னும். ஆனால் 12 வருடத்தில் வெளிச்சம் பாதி, சுமார் 25 வருடத்தில் கால்வாசி. பல்புக்குப் பேட்டரி மாற்றிவிடலாம், ட்ரிட்டியத்துக்குக் குப்பியையே மாற்ற வேண்டும். எல்லா விளக்குக்கும் எண்ணெய் உண்டு, எண்ணெய்க்கும் கணக்கு உண்டு.

புள்ளி, வளையம், இரண்டு கண்

ஆஸ்திரியா 1977-இல் ஏற்றுக்கொண்ட ஸ்டெய்ர் ரைஃபிளில், தூக்கும் கைப்பிடிக்குள்ளேயே 1.5 மடங்கு ஸ்கோப் இருந்தது. குறி ஒரு சாதாரண வட்டம். சுமார் 1.8 மீட்டர் உயர மனிதன் 300 மீட்டர் தூரத்தில் நின்றால் அந்த வட்டத்துக்குள் சரியாக அடங்குவான். இம்முறை கண்ணுக்கு அருகில் வைத்ததால் ஜெர்மனி கோட்டைவிட்ட 1.5 மடங்கு இங்கே வேலை செய்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1975-இல், சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் பெரிதாக்கவே செய்யாத கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பதைச் சுட இதைவிட வேகமானது இல்லை. ஆனால் 300 மீட்டரில் நிற்பவன் யார் என்று சொல்ல இதனால் முடியாது. பேட்டரி தீர்ந்தால் குறியே இல்லை.

1987-இல் அமெரிக்காவின் ட்ரிஜிகான் நிறுவனம் ஏகாக் என்ற நான்கு மடங்கு ஸ்கோப்பைக் கொண்டுவந்தது. இரவில் ட்ரிட்டியம் ஒளிரும். பின்னாளில் வந்த வகைகளில் பகல் வெளிச்சத்தை ஒளியிழை வாங்கிக் குறிக்குக் கொடுத்தது. வெயில் கூடினால் குறியின் ஒளியும் கூடும். அமெரிக்கக் கடற்படைவீரர்கள் இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இதைத்தான் கொண்டுபோனார்கள். 2010 ஜனவரியில் இதைப் பற்றி ஒரு சர்ச்சை எழுந்தது. அந்த நிறுவனம் ஸ்கோப்பின் வரிசை எண்ணுக்குப் பின்னால், ஒளியைப் பற்றிய பைபிள் வசனங்களின் அதிகார எண்களைப் பொடி எழுத்தில் பொறித்து வந்தது செய்தியானது. அரசுப் படையின் ஆயுதத்தில் எந்த மதத்தின் குறியும் கூடாது என்று எதிர்ப்பு வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரே கண்ணாடியில் இரண்டு

ஆக 2000-களில் நிலைமை இது. தெருவுக்கும் வீட்டுக்குள்ளும் புள்ளி நல்லது. மலைப் பள்ளத்தாக்குக்கு நான்கு மடங்கு நல்லது. சிப்பாய் காலையில் கிராமத்துக்குள் இருப்பான், மாலையில் பள்ளத்தாக்கில் இருப்பான். எதைத் தூக்கிக்கொண்டு போவது?

விடை வேட்டைக் காட்டிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் காட்டுப்பன்றிகளை ஆட்கள் விரட்ட, ஓடும் பன்றியைச் சுடும் வேட்டை முறை உண்டு. அதற்காக ஒன்றிலிருந்து நான்கு மடங்கு வரை திருகிக்கொள்ளக்கூடிய, நடுவில் ஒளிரும் புள்ளி கொண்ட ஸ்கோப்கள் இருந்தன. அந்த வழியிலேயே ஜெர்மனியின் ஷ்மிட் அண்ட் பெண்டர் நிறுவனம், அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தேவைக்காக 1.1 முதல் 4 மடங்கு வரையிலான 'ஷார்ட் டாட்' ஸ்கோப்பைச் செய்தது.

இங்கே விளக்கின் வேலையே மாறிவிட்டதைக் கவனியுங்கள். 1963-இல் பல்பு அந்திக்காக. ஷார்ட் டாட்டில் புள்ளி உச்சி வெயிலுக்காக! ஒரு மடங்கில் பார்க்கும்போது மெல்லிய கோடுகளைக் கண் தேடிக்கொண்டிருக்க முடியாது. வெயிலிலும் பளிச்சென்று தெரியும் சிவப்புப் புள்ளி இருந்தால், ஸ்கோப்பே எய்ம்பாயிண்ட் மாதிரி ஆகிவிடும். திருகினால் நான்கு மடங்கு. பகலில் மங்கித் தெரியும் விளக்கு உள்ள ஸ்கோப்புக்கு இந்தப் பெருமை கிடையாது.

அதன்பின் எண்கள் ஏறின. அமெரிக்க ராணுவம் எம்110ஏ1 என்ற அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு ஒன்றிலிருந்து ஆறு மடங்கு ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்தது. 2020-இல் கடற்படைவீரர்கள் ஏகாக்கை மாற்ற ஒன்றிலிருந்து எட்டு மடங்கு ஸ்கோப்பை, சுமார் 19,000 எண்ணிக்கையில் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். 2022 ஜனவரியில் ராணுவம், லேசர் தூரமானியும் கணிப்பொறியும் உள்ளடங்கிய எக்ஸ்எம்157-க்கு ஒப்பந்தம் செய்தது. பத்து வருடத்தில் 2,50,000 வரை வாங்கலாம்.

அப்படியானால் எட்டு மடங்குதான் ஜெயித்ததா? இல்லை. ஜெயித்தது ஒன்று. இந்த எல்லா ஸ்கோப்புக்கும் பொதுவான எண் கீழே இருக்கும் ஒன்றுதான். மேல் எண் ஆறா, எட்டா என்பது வேலைக்குத் தக்கபடி மாறும். எட்டுக்கும் விலை உண்டு. 28 மில்லிமீட்டர் லென்ஸை எட்டால் வகுத்தால் ஒளிக்கற்றை 3.5 மில்லிமீட்டர்தான். எடையும் அரைக் கிலோவைத் தாண்டும். நாள் முழுக்கத் தூக்கி நடப்பவனைக் கேளுங்கள், 200 கிராமின் கனம் தெரியும்.

தேர்ந்தெடுப்பவர் எந்தக் காலத்திலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். எவ்வளவு தூரத்தில் வேலை? எந்த வெளிச்சத்தில்? பேட்டரி போனால் என்ன மிஞ்சும்? கண்ணை அவசரத்தில் வைத்தால் படம் தெரியுமா? எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது கடைசிக் கேள்வி. நான்கு மடங்கு ஸ்கோப்பில் 400 மீட்டர் தூரத்தில் இருப்பவன் 100 மீட்டரில் இருப்பதுபோல் தெரிவான். அவன் கையில் இருப்பது துப்பாக்கியா, மண்வெட்டியா என்று பிரித்துப் பார்க்கப் பெரும்பாலும் அது போதும். அதைப் பார்க்கும்போது அவனைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். பி.எஸ்.ஓ.-1-இன் கண்ணாடியில், இடது கீழ் மூலையில், தூரம் அளக்க ஒரு வளைகோடு பொறித்திருக்கிறது. எதிரில் நிற்பவரின் பாதத்தைக் கீழ்க்கோட்டில் வைத்து, தலை எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்தால் தூரம் தெரியும். அந்தக் கணக்குக்கு எடுத்துக்கொண்ட உயரம் 1.7 மீட்டர். 5 அடி 7 அங்குலம். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பையன்களில் பாதிப் பேரின் உயரம் அதுதான்.

அந்தக் கோட்டை வரைந்த பொறியாளருக்கு அது வெறும் அளவு. விசையில் விரல் வைத்திருப்பவனுக்கு அது அளவு மட்டும் அல்ல, யாரோ ஒருவரின் மகன். நல்ல கண்ணாடி குறியைச் சரியாக்குவதோடு நிற்பதில்லை, சுடாமல் இருப்பதற்கான காரணத்தையும் சில நேரம் காட்டிவிடுகிறது. அதைப் பார்ப்பதற்கு வெளிச்சமும் அகலமும் வேண்டும். மடங்கு மட்டும் போதாது.

அடுத்த வாரம் மூக்குக்கண்ணாடியின் சரித்திரம் எழுதலாம் என்றிருக்கிறேன். அதில் துப்பாக்கி வராது!

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்